திரையில் மட்டும் தெரிந்தவர்

வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தொடங்கிய இரண்டாம் ஆண்டில், இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர் ஒருவர் கம்ப்யூட்டர் திரையில் மட்டுமே கண்ணுக்குத் தெரிபவராக ஆனார். வீடியோ மீட்டிங்கில் ஆள் முழுசாக, மழித்த முகத்தோடு இருந்தார். மேலதிகாரி கண்ணுக்கு ஒரு குறையும் படவில்லை. நாற்காலியில்தான் அவரைக் காணோம். முதலில் மங்கியவை கால்கள். மேசைக்கடியில் இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. சாப்பாட்டு நேரமும் விடுமுறையும் வேலையோடு கலந்துபோக, மீதியும் ஒவ்வொன்றாகப் போயின. பல் மருத்துவரான அவர் மனைவி மாடிப்படியில் அவர்மேல் இரண்டு தடவை மோதிக்கொண்ட பிறகு, நடக்கும்போது தொண்டையைச் செருமச் சொன்னார். அதுவும் பழகிப்போயிற்று.

பள்ளியில் குடும்பத்தை வரையச் சொன்னபோது, மகள் அப்பாவைக் கறுப்புச் சட்டத்துக்குள் வரைந்தாள். அன்று சாயங்காலமே டீச்சர் போன் செய்து, தாழ்ந்த குரலில், "பாப்பாவோட அப்பா எப்போ தவறினாங்க?" என்று கேட்டார்.

"ஐயோ மிஸ், அது லேப்டாப்! அவர் வீட்டுலதான் இருக்கார்" என்றார் மனைவி. போனை வைத்தபோது, பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் பார்த்துச் சொன்னார்: "மீட்டிங் போட்டாத்தானே வர்றீங்க? எங்களுக்கும் ஒண்ணு போடுங்க."

அவர் காலண்டரில் ஆறு மணிக்கு மேல் தினமும் 'முக்கியக் கூட்டம்' என்று குறித்தார். அந்த நேரத்தில் அலுவலகச் செய்திகள் வாயடைத்துப்போகவும் லேப்டாப் தானாகப் பூட்டிக்கொள்ளவும் ஏற்பாடு செய்தார். முதல் நாள் கூட்டம் மகளோடு, தரையில் உட்கார்ந்து சீட்டாட்டம். போன் அலமாரிமேல் மூச்சுக் காட்டாமல் கிடந்தது. யார் கூப்பிடுகிறார்களோ, வேலை போய்விடுமோ என்று அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இருமுறை எழுந்து, இருமுறையும் உட்கார்ந்தார். அப்போது காற்றில் வியர்வைத் துளிகள் தெரிந்தன. பிறகு அவற்றுக்குப் பின்னால் நெற்றி.

"அம்மா, அப்பாவுக்கு நெத்தி வந்துடுச்சு!"

"சீட்டை ஒளிச்சு வெச்சுக்கோ. கண்ணும் வந்துடப் போகுது" என்றார் அம்மா.

மறுநாள் ஆறு மணிக்கு மேல் மேலதிகாரி ஒரு ஃபைலைக் கேட்டார், அடுத்த நாள் காலையில்தான் அது கிடைத்தது, பரவாயில்லை என்றுவிட்டார். வாரங்கள் போகப்போகத் தோளும் கையும் வந்தன. தொப்பை, போனபோது இருந்ததைவிடச் சற்றுப் பெரிதாகவே வந்தது. வேலை நெருக்கும் மாதக் கடைசியில் விரல் நுனி கொஞ்சம் மங்கும். அந்த வார இறுதிக்குள் சரியாகிவிடும். ஹெட்செட் அழுத்திய வலது காது மட்டும் திரும்பி வரவே இல்லை. தெருமுனை சலூன்காரர் அதைத் தடவிப் பார்த்து, சுற்றி முடி வெட்டிவிடுகிறார். கூலி எல்லோருக்கும் உள்ளதுதான்.