வரைந்தவர்

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். மேசைமேல் புது வாய்க்காலின் வரைபடம் விரிந்து கிடந்தது. மூலையில் 'வரைந்தவர்' என்ற கட்டத்தில் கணவன் பெயர் மட்டும் இருந்தது. அவள் வரைந்ததை அப்படியே பார்த்துப் படியெடுத்திருந்தான்.

"ரெண்டு பேர் பேரும் போடறேன்னு சொன்னீங்களே?"

"அம்மா வேணாம்னுட்டாங்க. வீட்டுப் பொம்பளை பேரு ஆபீஸ் ஆபீஸா சுத்தணுமாங்கறாங்க. என் பேரும் உன் பேரும் ஒண்ணுதானே?"

நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பது இதுதான். கல்யாணத்துக்கு முந்தி அவள் பாசன அலுவலகத்தில் வரைவாளர். மருமகள் வேலைக்குப் போனால் குடும்ப மானம் போய்விடுமாம். பத்து வருஷமாக வீட்டோடு இருக்கிறாள். தன் பெயர் போட்ட வேலை ஒன்று கொண்டுவந்தால் திரும்ப எடுத்துக்கொள்வதாக அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். இந்த வாய்க்காலைத்தான் அவள் மலைபோல் நம்பியிருந்தாள்.

வயலில் மேடுபள்ளம் அளக்கும் லெவல் கருவியில் கண்வைத்துப் பார்த்தவள் அவள். தூரத்தில் அளவுகோலைப் பிடித்து நின்றவர் எஞ்சினியர் ஐயாவான அவள் கணவர். ஊரார் கண்ணுக்கோ அவள் புருஷனுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள். கண்ணிருந்து என்ன பிரயோசனம்!

சட்டையை மடித்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு வாய்க்காலைப் பற்றி வாய் திறக்கவில்லை.

வாய்க்கால் வெட்டும்போது ஒரு வளைவில் பாறை குறுக்கிட்டது. பாதையைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும். அவளைக் கேட்டிருக்கலாம், கேட்டால் கௌரவம் என்னாவது? அவளுடைய அளவுக் குறிப்பேட்டைத் தூக்கிக்கொண்டு போய்த் தானே முடிவு செய்தான். கோலில் எண் கூடினால் தரை தாழ்வு என்று அர்த்தம். கோலைப் பிடித்தே பழகியவனுக்கு அது எங்கே தெரியும்? கூடின எண்ணை மேடு என்று நினைத்து, நிஜமான மேட்டுப் பக்கமாக வாய்க்காலைத் திருப்பிவிட்டான்.

தண்ணீர் திறந்த அன்று அது வளைவுவரை வந்து நின்றுகொண்டது. கீழே நாற்று காய்கிறது. பெரிய அதிகாரி நேரில் வந்து காரணம் கேட்க, பதில் தெரியாதவன் வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் சொல்லிவிட்டுத் திரும்ப ஓடினான்.

மாமியார் குரல் அன்றைக்குத்தான் இறங்கியது. "அவன் மானம் உன் கையிலதாம்மா இருக்கு. சாப்பாடு கொண்டுபோற மாதிரி போயி, காதோட காதா சொல்லிட்டு வந்துடு." கேரியரை அவரே நிரப்பிக் கொடுத்தார்.

கேரியரை மேசைமேலேயே விட்டுவிட்டு, பெட்டிக்குள் இருந்த தன் மூலப் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வளைவில் ஊரே கூடியிருந்தது. அவள் படத்தைக் கரைமேல் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்தாள். காலியாகக் கிடந்த கட்டத்தில் தன் பெயரை நிதானமாக எழுதினாள்.

"நீங்க யாரும்மா?" என்றார் அதிகாரி.

"இதை வரைஞ்சவ."

அங்கே இருந்த லெவல் கருவியை நிறுத்தி மட்டம் சரிசெய்தாள். பிறகு கணவன் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னாள்.

"ஏங்க, நீங்க போயி கோலைப் பிடிங்க."