கை எட்டாத இருபதாம் மாடி

எதிரெதிரே நிற்கும் இரண்டு உயரக் கட்டடங்களில் எது அழகு என்று கேட்டால், எல்லோரும் புதியதைத்தான் காட்டுவார்கள். மாடிக்கு மாடி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டே மேலே போகும் கண்ணாடிக் கட்டடம். எங்கள் ஆட்கள் வைத்த பெயர் திருகாணி. பழையது நேராக நிற்கும் தீப்பெட்டி. அதைப் படம் பிடிக்க ஒரு ஈ காக்கைகூட வந்ததில்லை.

என்னைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வேன். வெளிக்கண்ணாடி துடைக்கும் குழுவில் நான் கயிறு மேற்பார்வையாளர். மொட்டைமாடியில் கயிறு கட்டி, சோதித்து, இறங்கலாம் என்று கையெழுத்துப் போடுவது நான். தொங்குவது என் வீட்டுக்காரர். தீப்பெட்டியில் ஒவ்வொரு ஜன்னலுக்கும் கீழே கால் வைக்க ஒரு சாண் விளிம்பு உண்டு. மூன்று மாடிக்கு ஒருமுறை சுவரில் எஃகு வளையம். கயிற்றை அதில் மாட்டிவிட்டால் காற்றடித்தாலும் ஆள் விலகமாட்டார். ஆறு வருடமாக அவரை அங்கே இறக்கிவிட்டு நிம்மதியாக டீ குடித்திருக்கிறேன்.

திருகாணியில் விளிம்பும் இல்லை, வளையமும் இல்லை. வழுக்கைத் தலை மாதிரி வழவழவென்று இருந்தது. வேலையை ஒப்புக்கொள்ளும் முன் ஒரு மூலையிலிருந்து மணல்மூட்டை கட்டிக் கயிறு விட்டுப் பார்த்தேன். கயிறு நேராகப் போனது, கட்டடம் திரும்பிக்கொண்டு போனது. இருபதாம் மாடியில் இரண்டுக்கும் நடுவே எட்டடி. வளையம் வைக்காமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன்.

அதைக் கேட்டு, கட்டடத்தை வரைந்த ஆர்க்கிடெக்ட் மொட்டைமாடிக்கே வந்துவிட்டார்.

“முகத்துல மரு வச்ச மாதிரி இருக்கும்மா. இந்த வழவழப்புக்குத்தான் பரிசே கொடுத்தாங்க.”

“மரு இருந்தா உசுரு போகாது சார்.”

என் வீட்டுக்காரர் குறுக்கே புகுந்தார். “விடு. கண்ணாடியில ஒட்டுற ரப்பர் கப்பு இருக்குல்ல, ஊஞ்சல் மாதிரி ஆடிப் போய்ப் புடிச்சுக்கிறேன். எல்லாரும் அண்ணாந்து பாக்குற கட்டடம், நம்மளத் தேடி வருது. நீ ஏன் முட்டுக்கட்ட போடுற?”

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அதை ஆர்க்கிடெக்ட் மேல் கொட்டினேன். “நீங்களே இறங்குங்க சார். இருபதாம் மாடியில உங்க கட்டடத்தத் தொட்டுட்டா, இப்பவே கையெழுத்துப் போடுறேன்.”

மழுப்புவார் என்று நினைத்தேன். அவர் கோட்டைக் கழற்றினார். ஒரு காலத்தில் மலையேறியவராம். புது ஆளைத் தனியாக இறக்கக் கூடாது. பக்கத்துக் கயிற்றில் போனது என் வீட்டுக்காரர். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், நான் கெட்டேன்.

முப்பதாம் மாடிவரை வாக்கிடாக்கியில் இருவரும் சிரித்துப் பேசினார்கள். இருபதில் ஆர்க்கிடெக்டின் குரல் மாறியது.

“கை எட்டல. காத்து என்னைச் சுத்திவிடுது, கட்டடம் எந்தப் பக்கம்னே தெரியல.”

“இருங்க சார், நான் புடிச்சு இழுக்குறேன்,” என்றார் என் வீட்டுக்காரர்.

வேண்டாம் என்று கத்தினேன். அதற்குள் ஆடிப் போய்க் கப்பைக் கண்ணாடியில் ஒட்டி, மறு கையை ஆர்க்கிடெக்டிடம் நீட்டிவிட்டார். கப்பு பிடுங்கிக்கொண்டது. வெளியே போன என் வீட்டுக்காரர் சுழன்று திரும்பி வந்து ஜன்னல் சட்டத்தில் மோதினார். சத்தம் மேலே எனக்குக் கேட்டது. ஒரு கயிறு அறுந்தால் இன்னொரு கயிறு தாங்கும். தலை மோதினால் எந்தக் கயிறு தாங்கும்? அழுதுகொண்டே அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன், கல்யாணமான இத்தனை வருடத்தில் முதல் தடவையாக.

கொஞ்சம் கழித்துப் பதில் வந்தது. “பேரச் சொல்ற அளவுக்கு ஆயிடுச்சா? தோள்பட்டையிலதான் அடி.”

லிஃப்டில் கீழே போய்ச் சேர்ந்தபோது இருவரும் கயிற்றிலேயே தரைக்கு இறங்கியிருந்தார்கள். கட்டட மேனேஜர் ஓடி வந்து, திங்கட்கிழமை வேறு குழு தயார் என்றார்.

“யாரும் இறங்கக் கூடாது,” என்றார் ஆர்க்கிடெக்ட். “மொதல்ல வளையம் வைங்க. எழுதியே தர்றேன்.”

“முகப்பு கெட்டுடுமே சார்?”

“கெட்டா கெடட்டும்.”

என் வீட்டுக்காரரின் தோள் வீங்கிக்கொண்டிருந்தது. “உங்கள இறக்கினது என் வாய்தான்,” என்றேன். அழுகை நிற்கவில்லை.

“நீ வேண்டாம்னுதான் சொன்ன,” என்றார். “நான்தான் கேக்கல.”