பவுனு வெட்டிய தகடு

தேனியில் கடை வேலை பார்த்துக்கொண்டு டீ குடிக்காத மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. 2003 தை மாதம் எங்கள் பாத்திரக்கடைக்கு விற்பனையாளராக வந்த ஏசுதாசன், பதினொரு மணி டீயை வேண்டாமென்று தள்ளினார். காபியும் வேண்டாமாம். சுற்றியிருக்கிற மலையெல்லாம் தேயிலையும் காப்பியுமாக விளைகிற ஊரில் இவர் வெந்நீர் வாங்கிக் குடிக்கிறார். சர்க்கரை வியாதியா, வேண்டுதலா என்று கேட்காவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

"எங்க சபையில குடிக்கக் கூடாதும்மா," என்றார். கோயம்புத்தூரில் மில் வேலை பார்த்தபோது மார்மன் சபையில் சேர்ந்தவர். அப்படியொரு சபை இருப்பதே எனக்குத் தெரியாது.

நான் பவுனு. அந்தக் கடையில் பெயர் வெட்டுகிறவள். குடமோ தூக்குவாளியோ, வாங்குகிறவர் பெயரை மின்சார ஊசியால் குத்திக்குத்தி எழுதிக் கொடுப்பேன். பதினான்கு வருடமாக அடுத்தவர் பெயரை எழுதிச் சலித்துப்போய்தான் எனக்கென்று எழுத்து உண்டாக்கினேன். முப்பத்தொன்பது எழுத்து. எழுத்து வந்ததும் அதை எழுதிப் படிக்க ஒரு ஜனம் வேண்டியிருந்தது. ஜனம் வந்ததும் சாமி இல்லாமல் முடியுமா? மேகமலைக்கும் மேலே ஒரு நாட்டை வைத்து, அங்கே மழையை ஆடுபோல மேய்க்கும் ஏழு அக்கா தங்கைகளைக் குடிவைத்தேன். எல்லாம் ஒரு கோடு போட்ட நோட்டில் இருந்தது. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. புருஷனோடு ஒத்துவராமல் அண்ணன் வீட்டுக்குத் திரும்பியவளுக்குக் கிறுக்கி என்ற பட்டம் வேறு எதற்கு?

வெந்நீர்க் கதையில் ஆரம்பித்த ஏசுதாசன் தினம் கொஞ்சமாகச் சொன்னார். அமெரிக்காவில் ஒரு விவசாயி மகனுக்குத் தேவதூதன் தோன்றி, மலையில் தங்கத் தகடுகள் புதைந்திருப்பதைக் காட்டினானாம். அதிலிருந்தது யாருக்கும் தெரியாத எழுத்து. கடவுள் வல்லமையால் அவர் அதை மொழிபெயர்த்ததும் தகடுகளைத் தேவதூதன் திரும்ப வாங்கிக்கொண்டானாம். தகடுகளைப் பார்த்தோம் என்று பதினொரு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பிற்காலத்தில் அந்தச் சபையார் இங்கிலீஷை எழுதவே புதிதாக எழுத்து உண்டாக்கி, அது நிலைக்காமல் போயிருக்கிறது.

"எத்தனை எழுத்துண்ணே?"

"முப்பத்தெட்டு."

என்னுடையதில் ஒன்று கூடுதல். வெட்கத்தை விட்டு நோட்டைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. முதலெழுத்தில் விரலை வைத்து, "இது என்ன சத்தம்?" என்று கேட்டார். மூன்றே மாதத்தில் சாமான் துண்டுச்சீட்டுகளை என் எழுத்தில் எழுதி என்னிடம் நீட்ட ஆரம்பித்துவிட்டார்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "கோவிச்சுக்காதீகண்ணே. நான் இதைச் சும்மா இட்டுக்கட்டுறேன். அந்தத் தகட்டுக்காரரும் இப்படி இட்டுக்கட்டலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் கோபப்படவில்லை. "படிச்சேன். ஜெபம் பண்ணிக் கேட்டேன். உள்ளுக்குள்ள பதில் வந்துச்சு. அதுக்கு மேல உனக்கு எடுத்துக் காட்ட என் கையில ஒண்ணுமில்லம்மா."

அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. ஆனால் மண்ணுக்குள்ளிருந்து ஒரு தகடு கிடைத்தால் மனசு என்ன ஆகும் என்று பார்க்க ஆசை வந்துவிட்டது. செப்புத் தகடு ஒன்றை வாங்கி, என் எழுத்தில் ஒரு வரி வெட்டி, குச்சனூர்ப் பக்கம் எங்கள் அண்ணன் மலைச்சாமியின் திராட்சைத் தோட்டத்தில், வேலியோரத்தில் பந்தலைத் தாங்கும் கல்லுக்காலின் கீழே புதைத்தேன். ஒரு வருடம் அதை மறந்திருந்து நானே தோண்டியெடுக்கவேண்டும் என்பது திட்டம். அமெரிக்கத் தகட்டை நினைத்தேனே தவிர, எங்கள் ஊரில் மண்ணுக்குள் தகடு கிடைத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று நினைக்கவில்லை. என்னைவிட அடிமுட்டாள் உண்டா?

அந்த வருடமும் அணையில் தண்ணீர் இல்லை. போர்வெல் காற்றாய் ஊதியது. ஆவணியில் கொடி காய்ந்து பந்தல் சாய, கல்லுக்காலை மாற்றப் பள்ளம் பறித்த அண்ணன் கையில் தகடு சிக்கியது. அதைப் பார்த்ததும் மதினி சங்கிலியம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "செய்வினைத் தகடு! அதான் கொடி கருகிருச்சு!"

வேலிக்கு அந்தப் பக்கம் இருளம்மாள் அத்தையின் தோட்டம். புருஷனை இழந்தவள், தனியாள். பாதைத் தகராறில் அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லை. வேறு யாரைச் சொல்வார்கள்? நான் தேனியிலிருந்து வீடு திரும்புவதற்குள் ஊரே முடிவுகட்டிவிட்டது. வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் அவள் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யவேண்டும். மறுத்தால் ஊரைவிட்டுப் போகவேண்டும்.

"அண்ணே, அது நான் வெட்டுனது," என்றேன்.

"அவளுக்குப் பரிஞ்சு பேசாத. மந்திர எழுத்து உனக்கு எப்படித் தெரியும்?" என்று அண்ணன் கத்தினார். நோட்டைக் காட்டினேன். தகட்டைப் பார்த்து நேற்று எழுதியிருப்பேன் என்றார்.

வெள்ளிக்கிழமை காலை, காசு போட்டுப் பேசும் போனில் ஏசுதாசனைக் கூப்பிட்டேன். "அண்ணே, தகட்டுல என்ன இருக்குன்னு சொல்லமாட்டேன். வந்து வாசிங்க, போதும்." அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டார்.

கோயில் முன்னால் இருளம்மாள் நின்றாள். சூடம் எரிந்துகொண்டிருந்தது. என்னை நானே அறையலாம் போலிருந்தது. செய்யாத பாவத்துக்கு அவளை நெருப்பின் முன்னால் நிறுத்தியது என் விளையாட்டு. ஊர்ப் பெரியவர் சுருளியாண்டியிடம் போய்ச் சொன்னேன். "ஐயா, இதை வாசிக்க என்னைத் தவிர ஒரே ஒரு ஆளு இருக்காக. ரெண்டு பேரையும் தனித்தனியா வாசிக்கச் சொல்லுங்க. ஒத்துவரலைன்னா பழி எனக்கு."

அவருக்கும் அது என்னவென்று தெரிந்துகொள்ள ஆசை. முதலில் நான் அவர் காதில் மட்டும் சொன்னேன். பிறகு என்னைக் கிணற்றடிக்கு அனுப்பிவிட்டு ஏசுதாசனிடம் தகட்டைக் கொடுத்தார்கள். ஒரு எழுத்தில் தடுமாறி, திரும்பவும் விரல் வைத்து, கிணற்றடிக்கும் கேட்கும்படி அவர் வாசித்தார்.

"மலைக்கு அந்தப் பக்கம் மழை பெய்கிறதா? இங்கே நாங்கள் காத்திருக்கிறோம்."

சுருளியாண்டி மெதுவாகத் தலையாட்டினார். "இதத்தேன் பவுனும் சொன்னா. அட கிறுக்கி, இதைக் கேக்கவா தகட்டைப் பொதைச்ச?" அப்புறம்தான் சிரிப்பு வெடித்தது. நோட்டிலிருந்த ஏழு அக்கா தங்கைகளும் முப்பத்தொன்பது எழுத்தும் அன்றைக்கே சந்தி சிரித்தன. அண்ணன் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. இருளம்மாள் சூடத்தைத் தாண்டி, யாரையும் பார்க்காமல் வீட்டுக்குப் போனாள்.

ஐப்பசியில் ஒருநாள் அவள் தேனிக்கு வந்து கடையில் ஏறினாள். மஞ்சப்பையிலிருந்து அந்தத் தகட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். சுருளியாண்டியிடம் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

"ஏத்தா பவுனு, இதுல எம் பேரையும் சேத்து வெட்டு. எங்க தோட்டத்துல பொதைக்கணும்."

"அத்தை, உங்களை அந்தப் பாடு படுத்துன தகடு இது. நான் சும்மா இட்டுக்கட்டுனது. அதுல ஒண்ணுமே இல்ல."

"நீ கட்டுனதுன்னு தெரியாமலா வந்தேன்? ஊரே சிரிச்சுச்சே. நான் தனியா அந்தத் தோட்டத்துல நின்டு மலையைப் பாத்துத் தெனம் கேக்குறது இதத்தேன். எனக்குக் கேக்கத் தெரியல. நீ எழுதி வச்சிருக்க."

பக்கத்தில் ஏசுதாசன் வெந்நீர் டம்ளரோடு நின்றார். இட்டுக்கட்டியதா இல்லையா என்று அவரிடம் நான் கேட்ட கேள்வி எனக்கே திரும்பி வந்திருந்தது. அவர் அதைச் சொல்லிக்காட்டவில்லை. அவர் மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது தப்பித்திருப்பேன்.

ஊசியை எடுத்து அவள் பெயரை வெட்டினேன். ஒவ்வொரு எழுத்தும் விழுவதைக் குனிந்து பார்த்துக்கொண்டே அவள் கேட்டாள்.

"அந்த ஏழு பேரும் இதைக் கேப்பாகளாத்தா?"

ஊசியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தேன். அவர்களை உண்டாக்கியவள் நான். ஒவ்வொருத்திக்கும் என்ன பெயர் வைத்தேன், எந்த மத்தியானத்தில் வைத்தேன் என்பதுகூட எனக்குத் தெரியும். ஆனாலும் பொய் சொல்லப்போகிறோம் என்று அப்போது தோன்றவில்லை.

"கேப்பாக, அத்தை," என்றேன்.