கூடையின் அடியில் கிடந்த வளையம்

கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவளுக்கு வீட்டில் புரொபசர் என்று பெயர். வைத்தவன் தம்பி. அவன் கிண்டலுக்குத்தான் வைத்தான். அவளோ அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டாள். யாராவது வாய் தவறி எதையாவது கேட்டுவிட்டால் போதும், பாடம் ஆரம்பித்துவிடும்.

மழை விட்ட காலையில் தம்பி மனைவி பின்பக்கத்துப் புல்லிலிருந்து ஒரு கூடைக் காளான் பறித்து வந்து, சமைக்கலாமா அண்ணி என்று கேட்டாள். விடுவாளா புரொபசர்? விஷக் காளான் பலதுக்கும் காம்பில் ஒரு வளையம் இருக்கும், அதற்கு ஆனுலஸ் என்று பெயர், லத்தீனில் சின்ன மோதிரம், மீன் செதிலில் வருஷத்துக்கு வருஷம் விழும் வளையத்துக்கும் அதே பெயர்தான் என்று மூச்சு விடாமல் அடுக்கினாள். நாலைந்து காளானைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வளையமே இல்லை, தைரியமாகச் சமை என்று தீர்ப்பும் சொன்னாள். தம்பி கைதட்டினான்.

காளானைக் கழுவ எடுத்துக் கொட்டியதும் கூடையின் அடியில் வெள்ளையாக ஏதோ புரொபசர் கண்ணில் பட்டது. விரலில் மாட்டலாம் போன்ற மெல்லிய வளையம். முற்றிய காளானில் அது கழன்று விழுந்துவிடும் என்று போன வாரம் வகுப்பில் சொன்னவளே அவள்தான். ஆனால் அவ்வளவு பேசிக் கைதட்டல் வாங்கியபின் 'கொஞ்சம் இரு' என்று சொல்ல வாய் வரவில்லை. ஏதோ காய்ந்த தோல் என்று முணுமுணுத்து அதைக் குப்பையில் போட்டாள். ஒன்றும் ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்புறம் வகுப்பைச் சாக்கு வைத்து, சாப்பிடாமல் கல்லூரிக்குக் கிளம்பிவிட்டாள்.

தம்பி சட்டியையே வழித்துவிட்டான். மனைவிக்கு ஒரு வாய்கூட மிஞ்சவில்லை. சாயங்காலம் புரொபசர் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது அவன் உள்ளே குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். டாக்டர் வாசலுக்கு வந்து, காளானின் காம்பில் வளையம் இருந்ததா என்று கேட்டார். எந்த வகை என்று தெரிந்தால்தான் வைத்தியத்தைச் சரியாகச் செய்ய முடியுமாம்.

தம்பி மனைவி முந்திக்கொண்டு புரொபசரின் கையைப் பிடித்தாள். "இல்ல டாக்டர். எங்க அண்ணி காலேஜ்ல இதத்தான் நடத்துறாங்க. அவங்களே பாத்துட்டுத்தான் சொன்னாங்க."

புரொபசருக்கு அந்தக் கையை உதறவும் முடியவில்லை, பிடித்துக்கொள்ளவும் தகுதியில்லை. இப்போதும் வாயை மூடிக்கொண்டிருந்தால் தம்பி போய்விடுவான்.

"இருந்துச்சு டாக்டர். கூடைல கழண்டு கெடந்துச்சு. நான்தான் தூக்கிப் போட்டேன்."

டாக்டர் உடனே உள்ளே ஓடினார். தம்பி மனைவி கையை மெல்ல எடுத்துக்கொண்டாள். எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டாள். அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன்னாலேயே என்றாள் புரொபசர், தரையைப் பார்த்தபடி.

அப்புறம் தம்பி மனைவி சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"அதனாலதான் நீங்க சாப்பிடாம போனீங்களா அண்ணி?"