கை எட்டும் தூரத்துக் கண்ணாடி

என் பெஞ்சாதி வசந்தா பாரீசுக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. மகனுக்கு முதல் குழந்தை என்று போனாள். பிறகு இரண்டாவது வந்தது. பேரப்பிள்ளைகள் பெருகட்டும், நான் வேண்டாமென்றா சொன்னேன்? ஆனால் அவள் முகத்தைப் பார்க்காமல் எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

நான் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் சொல்தா. ஜூலை பதினாலு, பிரெஞ்சு தேசிய நாள் கொண்டாட்டத்தில் எங்கள் கிழட்டுப் பட்டாளத்துக்குக் கைத்துப்பாக்கிப் போட்டி நடக்கும். அவள் கிளம்புவதற்குள் அந்தக் கோப்பையை ஒருதரமாவது வாங்கிக் காட்டிவிட வேண்டும் என்று அப்போது எனக்கு வீம்பு. வலது கண்ணில் புரை விழுந்திருந்தது வேறு விஷயம்.

கண்ணாடிக்கடை கோவிந்தராசு, இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நடுவில் சின்ன ஓட்டை விட்டு, அதன் வழியாகத் தன் மூக்கைப் பார்க்கச் சொன்னான். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லி, எந்தக் கண்ணுக்கு மூக்கு ஓட்டையிலேயே நிற்கிறது என்று கேட்டான்.

"இப்ப உங்களுக்கு இடது கண்ணுதான் முந்துது முசியே. துப்பாக்கி வலது கையிலயே இருக்கட்டும், குறிய இடது கண்ணால பாருங்க."

சாயங்காலங்களில் கூடத்தின் அந்தக் கோடியில் வசந்தா அரிசியில் கல் பொறுக்குவாள். இந்தக் கோடியிலிருந்து நான் கை ஓட்டை வழியாக அவள் முகத்தைப் பார்த்துப் பழகுவேன்.

"இடது கண்ணுல நிக்கிற. வலது கண்ணால பாத்தா ஓடிப்போற."

"ஆமா, இது ஓடிப்போற வயசு பாரு!"

குறி பார்ப்பவனுக்குத் துப்பாக்கி நுனியில் இருக்கும் சின்ன முள்தான் தெளிவாகத் தெரிய வேண்டும். எதிரே இருக்கும் பலகை மங்கினால் குற்றமில்லை. அதற்கென்றே கோவிந்தராசு தனியாக ஒரு கண்ணாடி போட்டுக் கொடுத்தான்.

"கை எட்டுற தூரந்தான் தெரியும். அப்பால எல்லாம் பனிமூட்டம். தெருவுக்குப் போட்டுக்கினு போயிடாதீங்க."

கோப்பை கிடைத்தது. என் தலைக்கனத்துக்குக் கேட்பானேன்! வீட்டில் அந்தக் கண்ணாடியோடுதான் திரிந்தேன். வசந்தா கிளம்பிய அன்று அதைப் போட்டுக்கொண்டே அவள் பெட்டிக்குக் கயிறு கட்டினேன். முடிச்செல்லாம் பளிச்சென்று தெரிந்தது. வாசலில் டாக்சி ஹாரன் அடித்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்படியே ஓடினேன். டிக்கியில் வைத்து மூடிவிட்டு நிமிர்வதற்குள், வசந்தா ஏறி உட்கார்ந்திருந்த வண்டி நகர்ந்துவிட்டது. கையை ஆட்டினேன்.

"தெரு முனை திரும்புற வரைக்கும் உங்களையே பாத்துக்கினு போச்சு" என்றாள் எதிர்வீட்டு அன்னக்கிளி.

எப்படிப் பார்த்தாள்? அழுதாளா, சிரித்தாளா? அன்னக்கிளிக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் தூக்கிய என் கைதான், ரேகை ரேகையாக, அவ்வளவு தெளிவாக.