குரல் தெரிந்த புகார்

நகராட்சி அலுவலகத்தில் புகார்த் தொலைபேசியை எடுப்பதுதான் அவள் வேலை. அன்று வந்தது ஒரு பெண் குரல்.

"மழைத்தண்ணி போற வடிகால்ல ஒரு வொர்க்‌ஷாப்காரங்க பழைய ஆயிலைக் கொட்டுறாங்க. மழை வந்தாப் போதும், டின்னைக் கவுத்துடறாங்க. கால்வாய் முழுக்கக் கலர் கலராப் படலம். மீனெல்லாம் செத்து மிதக்குது."

வாயைத் துணியால் பொத்திக்கொண்டு பேசியும் பயனில்லை. அது அண்ணியின் குரல். சொன்ன முகவரி அண்ணனுடைய வொர்க்‌ஷாப்.

"உங்க பேரு?" கேட்டாக வேண்டுமே என்று கேட்டாள்.

"பேரெல்லாம் வேண்டாம்மா..." குரல் சட்டென்று நின்றது. அண்ணிக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது. போனை வைத்துவிட்டாள்.

பதியாமல் விட்டிருக்கலாம், ஒரு ஈ காக்காய்க்குத் தெரிந்திருக்காது. ஆனால் அந்தக் கால்வாயில்தான் கீழ்த்தெருப் பிள்ளைகள் குளிக்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பதிந்தாள். அண்ணனுக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவுமில்லை.

அடுத்த மழையில் அதிகாரிகள் வந்து கையும் களவுமாகப் பிடித்தார்கள். வொர்க்‌ஷாப்புக்குப் பூட்டு விழுந்தது. மறுநாளே அண்ணன் அவள் வீட்டுக்கு வந்து கத்தினான்.

"கூடப் பொறந்தவன் வயித்துல அடிச்சிட்டியே! உன் ஆபீஸ்தானே? உன்னை விட்டா வேற யாரு?"

"பதிஞ்சது நான்தான். புகார் சொன்னது நான் இல்ல."

"அப்போ யாரு?"

அவனுக்குப் பின்னால் அண்ணி வெளிறிப்போய் நின்றாள். அண்ணனின் இறுகிய முஷ்டியைத் தங்கை பார்த்தாள்.

"அதைச் சொல்லக் கூடாதுண்ணா."

அண்ணி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "பொறந்த வீடுன்னு ஒண்ணு இருக்கறதை இனிமே மறந்துடு."

அதற்குப் பிறகு அம்மாவைப் பார்க்கக்கூட அவளை அந்த வீட்டில் விடவில்லை.

பல மாதம் கழித்து, மருந்துக்கடையில் அண்ணி தனியாக எதிர்ப்பட்டாள். அவளே பேச்சைத் தொடங்கினாள்.

"எனக்கு வேற போக்கிடம் ஏது, சொல்லு? நான்தான்னு தெரிஞ்சா உங்கண்ணன் என்னை உயிரோட விடுவாரா?"

"அண்ணன் வொர்க்‌ஷாப்பைத் தொறந்துட்டானாமே. கொட்டுறது நின்னுச்சா?"

"நின்னுடுச்சு. இப்பல்லாம் டிரம்ல பிடிச்சு லாரியில அனுப்பிடறார்."

"எங்கே?"

அண்ணி மருந்துப் பையை வாங்கிக்கொண்டாள். "அதை நான் கேக்கல."

அவளும் அதற்கு மேல் துருவவில்லை. அம்மாவுக்கு இருமல் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டாள். அண்ணி அதற்குள் படியிறங்கிவிட்டாள்.