நூற்று முப்பத்தேழு பேரும் கூடுதலாக வந்தவர்களும்

மலேசியாவில் பகாவ் பக்கம் ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தில் ஓட்டுள்ளவர்கள் நூற்று முப்பத்தேழு பேர். சட்டமன்ற இடைத்தேர்தலுக்காகக் கருத்துக்கணிப்பு எடுத்த செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு அவர்கள் இருநூற்று அறுபது பேராக இருந்தார்கள். கூடுதலாக வந்த நூற்று இருபத்து மூன்று பேரும் வெளியாட்கள் இல்லை. தோட்டத்து ஆட்களேதான், இரண்டாம் தடவை. அதே கைலி, அதே மூக்குத்தி, அதே தலைவழுக்கை. அடையாள அட்டையான ஐசி மட்டும் கிடையாது.

எல்லாம் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி அமிர்தலிங்கத்தின் ஆசையில் ஆரம்பித்தது. விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டுப் புள்ளி போடுகிற வேலையை இருபத்து நாலு வருஷம் பார்த்தவர். சுயேச்சையாக நிற்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் கம்பெனி விதிப்படி தேர்தலில் நிற்கிறவர் வேலையை விட்டுவிட வேண்டும். வேலை போனால் கம்பெனி கொடுத்த கோட்டர்ஸ் வீடும் போகும். அந்த வீட்டில்தான் அவர் மனைவி பஞ்சாலை இரண்டு பெண்களை வளர்த்துக் கட்டிக் கொடுத்தாள், வாசலில் கறிவேப்பிலை வைத்தாள், பின்னால் முருங்கை வைத்தாள். "ஜெயிச்சா சரிங்க. தோத்தா எங்க போய் நிக்கிறது?" என்று அவள் ஒரே ஒரு தடவை கேட்டாள். கணிப்பு என்ன சொல்கிறதோ அதன்படி நடப்பதாக அவர் வாக்குக் கொடுத்தார். ராஜினாமாக் கடிதத்தை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் அந்த வாக்கைக் கொடுத்தார்.

கணிப்பு எடுக்க ஒரு நிறுவனம் மந்தின் டவுனிலிருந்து புனிதா என்ற பெண்ணை அனுப்பியது. அவள் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கியதும் அமிர்தலிங்கம் குடையோடு போய் நின்றார். "அங்கிள், நீங்க கூட வரக்கூடாது லா. கம்பெனி ரூல்," என்றாள் அவள். "வெயில்ல தனியா போவியாம்மா? நாய் வேற கெடக்கு," என்றார் அவர். பாவம், கபடமே இல்லாமல்தான் சொன்னார். அந்தத் தோட்டத்துக்கு ஒரு பழக்கம் உண்டு, வெள்ளைக்காரத் துரை காலத்திலிருந்து வருவது: கையில் தாளோடு யார் வாசலில் வந்து நின்றாலும் வந்தவர் முகம் வாடாதபடி பதில் சொல்லி அனுப்புவார்கள். கொசு ஒழிப்பு அதிகாரியிடம் தண்ணீரே தேங்குவதில்லை என்பார்கள். மூன்று கட்சிக்காரர்கள் வந்தால் மூன்று பேருக்கும் காபி கொடுத்து மூன்று பேருக்கும் ஓட்டுக் கொடுப்பார்கள். இந்த முறை கேட்பவள் பக்கத்தில், தினமும் தங்கள் பெயருக்குப் புள்ளி போடுகிற மனுஷனே குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

முதல் வீடு லாரி ஓட்டும் சன்னாசியுடையது. கிராணி நின்றால் ஓட்டுப் போடுவாரா என்று புனிதா கேட்டாள். சன்னாசி குடையைப் பார்த்தார். "கிராணிக்குத்தாம்மா. வேற யாருக்குப் போடப் போறோம்?" என்றார். வாக்கியம் முடிவதற்குள் வீட்டுக்குள்ளிருந்து இன்னொரு சன்னாசி வந்து படியில் உட்கார்ந்து, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டத் தொடங்கினார். முதல் சன்னாசி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். புனிதா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். டேப்லெட்டில் இதைக் குறிக்க இடம் இல்லாததால் அடுத்த வீட்டுக்குப் போனாள். அங்கேயும் அப்படியே. கடைசியாகக் கிராணி வீட்டில் கேட்டபோது பஞ்சாலை புருஷன் முகத்தைப் பார்த்து, "எங்க வீட்டுக்காரருக்குத்தான்," என்றாள். அடுப்படியிலிருந்து இன்னொரு பஞ்சாலை கையைத் துடைத்தபடி வந்தாள். அமிர்தலிங்கம் குடையை மடக்கி மூலையில் சாத்தினார்.

முடிவு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு என்று வந்தது. தோட்ட வாசலில் டீக்கடை வைத்திருக்கும் ஹிதாயத்துல்லாவுக்கு அந்தக் கணக்கு ஒப்பவில்லை. அவரும் அங்கே ஓட்டுள்ளவர். இன்னும் யோசிக்கவில்லை என்று புனிதாவிடம் சொன்னதால் ஒருவராகவே இருந்தார். "கிராணி, புதுசா வந்தவங்களுக்குச் சீனி போடாம டீ குடுத்துப் பார்த்தேன். எல்லாரும் நல்லா இருக்குங்கிறாங்க. ஒங்க பேரைச் சொல்லியும் ரெண்டாகாம ஒத்தையா நிக்கிறது ஒம்பது பேருதான், ஒங்களையும் சேர்த்து. ஒங்க ஓட்டு அவ்வளவுதான்," என்றார். அமிர்தலிங்கத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அப்போ என் சம்சாரமும் பொய் சொல்லுதுங்கிறீங்களா பாய்?" ஹிதாயத்துல்லா கழுவின கிளாஸையே மறுபடி கழுவினார். மறுநாள் காலை கடிதம் சட்டைப் பையிலிருந்து ஆபீஸ் மேசைக்குப் போனது.

பிரச்சாரம் பதினான்கு நாள். கூடுதல் ஆட்கள் எல்லாக் கூட்டத்துக்கும் முதல் ஆளாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். அவர் பேசினால் கைதட்டினார்கள், இருமினாலும் கைதட்டினார்கள். அசல் ஆட்கள் பின்னால் கைப்பேசி பார்த்தார்கள். வீட்டில் இரண்டாவது பஞ்சாலை, "நீங்கதாங்க ஜெயிப்பீங்க," என்று சோறு போட்டாள். அசல் பஞ்சாலை சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மனுஷன் யாரோடு உட்கார்ந்து பேசினார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் கடைசிக் கூட்டத்தன்று தொண்டை கட்டி, பாதிப் பேச்சில் அவருக்குக் குரல் நின்றுவிட்டது. முன்வரிசை அதற்கும் எழுந்து நின்று கைதட்டியது. அவர் வாயைத் திறந்து திறந்து மூடியதைப் பின்னாலிருந்து பஞ்சாலை பார்த்தாள். இத்தனை கூட்டத்தில் இந்த ஆளுக்கு ஒருத்தரும் இல்லையே என்று நினைத்தாள். வீட்டுக்கு வந்து சுக்கு இடித்துப் போட்டுக் கஷாயம் வைத்தாள். குடிக்கும்வரை பக்கத்தில் நின்றாள்.

ஓட்டுப்போடும் நாள் காலை இருநூற்று அறுபது பேரும் பள்ளிக்கூட வாசலில் வரிசையில் நின்றார்கள். ஐசி இல்லாதவர்களை அதிகாரிகள் மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். அவர்களும் "ஆமாங்க, சரிங்க," என்று சந்தோஷமாகத் திரும்பிப் போனார்கள். மாலை அங்கேயே எண்ணினார்கள். அமிர்தலிங்கத்துக்கு விழுந்த ஓட்டு பத்து. மற்ற இடங்களின் கணக்கைச் சொல்லி அவரை மேலும் நோகடிக்க வேண்டாம். ஹிதாயத்துல்லா மட்டும் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "ஒம்பதுன்னு சொன்னேனே, ஒண்ணு எங்கேருந்து வந்துச்சு?" என்று வெகுநேரம் யோசித்தார். அவர் கணிப்பும் பொய்த்தது என்பதை வரலாறு குறித்துக்கொள்ள வேண்டும்.

அமிர்தலிங்கம் தலையைக் குனிந்தபடி வீட்டுக்கு வந்தார். வாசலில் அடுக்கிய பெட்டிகளுக்கு நடுவில் பஞ்சாலை உட்கார்ந்திருந்தாள். இன்னொருத்தி அடுப்படியில் இருப்பாள் என்று போய்ப் பார்த்தார். இல்லை. குளியலறையில் இல்லை, முருங்கை மரத்தடியிலும் இல்லை. காலையில் ஓட்டுப்போட்டுவிட்டு வந்தபோதே காணவில்லை என்று பஞ்சாலை சாதாரணமாகச் சொன்னாள். அவர் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார். பத்தாவது ஓட்டு எதிரில் உட்கார்ந்து கொசு அடித்துக்கொண்டிருந்தது. அவருக்கு அழுகை வந்தது, அழுதார்.

மீதி நூற்று இருபத்து இரண்டு பேர் தோட்டத்திலேயே தங்கிவிட்டார்கள். கூப்பிட்ட வேலைக்கு மாட்டேன் என்று சொல்லாத ஆட்கள் என்பதால் கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் வசதியாக இருக்கிறது. கிராணி வீட்டுச் சாமானைச் சன்னாசியின் லாரியில் ஏற்றியதும் அவர்கள்தான். அடுத்த கணிப்புக்குப் புனிதா வந்தபோது முந்திக்கொண்டு பதில் சொன்னதும் அவர்கள்தான். இந்தத் தடவை நூற்றுக்கு நூறு வந்ததாகக் கேள்வி.

பகாவில் வாடகை வீட்டுக்குப் போன முதல் வாரம் அமிர்தலிங்கம் டீ குடித்துக்கொண்டே மெதுவாக, "அடுத்த தடவை நின்னா எனக்குப் போடுவியா?" என்று கேட்டார். "நின்னுதான் பாருங்க. காலை ஒடிச்சிடுறேன்," என்றாள் பஞ்சாலை. அவர் அடுப்படிப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் பார்த்தார். யாரும் வரவில்லை. டீயில் சீனி குறைவு என்று சொன்னார். அவள் எழுந்து போய்ச் சீனி டப்பாவை எடுத்து வந்தாள்.